அரை மார்க் சண்டை: நாவலில் யார் பக்கம் நிற்பது?

கிருஷ்ணகிரி கதைசொல்லி:
நண்பர்களே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடக்கும் மோதலை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் நடுவில் ஒரு தனியார் பள்ளி. ஏழாம் வகுப்புப் பெண். 7 செ.மீ. ஆரம் உள்ள வட்டத்தின் பரப்பளவு கேட்டிருக்கிறார்கள். 154 என்று சரியாகப் போட்டுவிட்டாள், ச.செ.மீ. எழுதவில்லை. டீச்சர் அரை மார்க் கழித்துவிட்டார், முதல் ரேங்க் போய்விட்டது. அப்பா விடைத்தாளைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். ராத்திரி பதினோரு மணிக்குள் ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையின் தாளைப் போட ஆரம்பிக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் டீச்சருக்கு வேலை போய்விடுகிறது.

வரைவைப் படித்தவர்களில் பாதிப் பேர் அப்பாவைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் டீச்சரை. நான் யார் பக்கம் நிற்க வேண்டும்? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர், தர்மபுரி:
டீச்சர் பக்கம்தான் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அலகு எழுதாவிட்டால் மார்க் போகும் என்று பாடம் நடத்தும்போதே சொல்லித்தான் நடத்துகிறோம். ஏழாம் வகுப்பில் அந்த அரை மார்க்கை விட்டுக்கொடுத்தால் பத்தாம் வகுப்பிலும் அந்தப் பிள்ளை அலகு எழுதாது. பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துகிறவருக்கு அப்பா யார், அம்மா யார் என்று தெரியாது.

பேரண்ட்ஸ் மீட்டிங் எப்படி நடக்கிறது என்று வந்து பாருங்கள். சிவப்பு பேனாவோடு ஒரு அம்மா உட்காருவார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் உள்ள மார்க்கையெல்லாம் உதடு அசைய அசையக் கூட்டுவார். பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று ஒரு கேள்வி வராது. பக்கத்து வீட்டுப் பையன் தாளில் இதே கணக்குக்கு எவ்வளவு போட்டீர்கள் என்றுதான் வரும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி விட்டுவிட்டுப் போன ஊர் இது. இன்று பேனா பிடித்துக் கணக்குப் பார்க்கிறது.

ஓசூர் அப்பா:
டீச்சர், "தோலை உரிச்சிடுங்க" என்பதை நம்பிக்கை என்று நினைக்காதீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது, வாத்தியார் முன்னால் நிற்கவே பயம். அந்தப் பயத்தின் விலையை என் முதுகு கொடுத்தது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17. உடம்பை அடிப்பதும் மனதைத் துன்புறுத்துவதும் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து பள்ளிக்குள் வராது. வாசலில் போய் நின்று கேட்கிற ஒரு அப்பா இருந்தால்தான் பிரம்பு கீழே இறங்கும். என் பையனை ஃபீஸ் பாக்கிக்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராகப் பள்ளிக்குப் போனேன். அதற்கு என்னைத் 'தொந்தரவு பேரண்ட்' என்றார்கள். சார், உங்கள் நாவலில் அந்த அப்பாவை வில்லன் ஆக்கினால் நான் படிக்க மாட்டேன்.

பென்னாகரம் வாத்தியார்:
நான் அரசு நடுநிலைப் பள்ளி. இந்தச் சண்டையைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 21 இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டம் போடுவது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆனால் இது அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான். உதவி பெறாத தனியார் பள்ளிக்குக் கிடையாது.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். சட்டம் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது, உட்கார வேண்டியவர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பாட்டி வருகிறார், கைநாட்டு வைக்கிறார், பேரன் ஒழுங்காக இருக்கிறானா என்று கேட்டுவிட்டுப் போகிறார். கேட்கத் துடிக்கிற பெற்றோரோ தனியார் பள்ளியில் இருக்கிறார்கள், அங்கே அவர்களுக்கு நாற்காலியே இல்லை. அதனால்தான் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து கொட்டுகிறது. பள்ளிக் கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை பற்றியெல்லாம் கேட்க வழியில்லாதவர் அரை மார்க்கைக் கேட்கிறார். சார், நாவலில் இதைக் கொண்டு வராவிட்டால் இரண்டு பேரின் கோபம் பற்றிய கதையாக நின்றுவிடும்.

ஊத்தங்கரை அக்கா:
வாத்தியாரே, கூலிக்குப் போன அம்மாவால் வர முடியவில்லை என்பதற்காக, வருகிற அம்மாவை யாரும் இளக்காரம் பண்ண வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்திலும் பதினெட்டு நிறையும் முன்பே எத்தனை பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிகிறது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற அம்மா, "இவள் படிக்கணும்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சண்டை போட்டுவிட்டு வருகிறாள். அவள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ரேங்க் கார்டுதான். முதல் ரேங்க் என்று காட்டினால் மாமனார் வாயை அடைக்கலாம். அரை மார்க் அவளுக்கு எத்தனை பெரியது என்று டீச்சருக்குப் புரிய வேண்டும்.

இன்னொன்று. கதையில் ஏன் அப்பா சண்டை போடுகிறார்? குரூப்பில் ராத்திரி முழிப்பது அம்மாக்கள்தான்.

கணக்கு டீச்சர், தர்மபுரி:
அக்கா, நீங்கள் சொல்கிற அம்மா எனக்குத் தெரியும். அவருக்காக ஸ்பெஷல் கிளாஸ் எடுத்திருக்கிறேன். ஆனால் பிள்ளையைப் படிக்க வைக்க வருவது வேறு, டீச்சரை மாற்று என்று குரூப்பில் நாற்பது பேர் கை தூக்குவது வேறு. என்னோடு வேலை பார்த்தவருக்கு அப்படித்தான் போனது. விசாரணை இல்லை, நோட்டீஸ் இல்லை. "பேரண்ட்ஸ் திருப்தியா இல்லை, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரே வரி. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த பி.எட். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்க அவர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார்.

ஓசூர் அப்பா:
அப்படியானால் நம் இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒரே இடத்தில், பள்ளி நிர்வாகத்திடம்தானே, டீச்சர்? கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும் 2009-ல் வந்ததுதான். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுக் கட்டணம் நிர்ணயிக்கிறார்கள். அதற்கு மேல் வாங்கினால் ரசீது வேறு மாதிரி வரும். நான் கட்டுகிற பணம் உங்கள் சம்பளத்துக்கு வருகிறதா என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

பென்னாகரம் வாத்தியார்:
தம்பி, எல்லாவற்றையும் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் தலையில் கட்டிவிடாதீர்கள். அந்த விடைத்தாளைப் படம் எடுத்துப் போட்ட விரல் அப்பாவுடையது. பிள்ளையின் கையெழுத்து, பிள்ளையின் பெயர், அது செய்த தப்பு, எல்லாம் நாற்பது வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் அவளை எல்லோரும் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அதை எந்த நிர்வாகமும் செய்யச் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி கதைசொல்லி:
அப்பா படம் போடுவது நிச்சயம் இருக்கும், வாத்தியார் சொன்ன மறுநாள் காலையும் வரும். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஏழாம் வகுப்பு ரேங்க்கைக் கரும்பலகையில் எழுதி வைக்கிற பள்ளி இது, அதையும் சேர்க்கிறேன். சர்டிஃபிகேட் பூட்டி வைத்த பீரோவுக்கு ஒரு அத்தியாயமே வேண்டும். அக்கா, அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை. முழுதாக மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஓசூர் அப்பா:
ஒரே ஒரு கோரிக்கை. குரூப்பில் போடுவதற்கு முன்னால் அந்த அப்பா டீச்சரிடம் நேரில் போய்க் கேட்டதாகவும், "எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல பேசிக்குங்க" என்று பதில் வந்ததாகவும் எழுதுங்கள். எனக்கு நடந்தது அதுதான். அது இல்லாமல் அவரைக் கூண்டில் ஏற்றினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கு டீச்சர், தர்மபுரி:
எழுதுங்கள் சார். பேரண்ட்ஸிடம் தனியாகப் பேசக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.