குடி, மனநலம் ரெண்டுக்கும் கிராமத்துல வேலை செய்ய ஆராய்ச்சி நிதி கேக்கப்போறோம், எதுக்குன்னு கேக்கணும்?

நெசவுத்தெரு_குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிட்டு குடியாத்தம் பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல வேலை பாக்குறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்ககிட்ட ஒரு ப்ராஜெக்ட் இருந்துச்சு, வெளியில இருந்து வந்த ஆராய்ச்சிப் பணம். பத்து கிராமம், பிளஸ் டூ படிச்ச உள்ளூர் அக்காங்க ஆறு பேருக்கு ட்ரெயினிங் குடுத்து வீடு வீடா அனுப்பினோம், குடிக்கிறவங்க கிட்டயும், மனசு ஒடிஞ்சு போய் எழுந்து சோறாக்கக்கூட முடியாம கிடக்குற பொம்பளைங்க கிட்டயும் உக்காந்து பேசுறதுதான் வேலை. பதினெட்டு மாசம் நடந்துச்சு. கடைசி நாள் டேப்லெட்டை எல்லாம் எண்ணி வாங்கிக்கிட்டாங்க, அக்காங்களுக்கு சம்பளம் நின்னுச்சு, ரிப்போர்ட் போச்சு, அவ்வளவுதான்.

அதுல லுங்கி நெய்யுற ஒரு அண்ணன், நாலு மாசம் தொடாம இருந்தவரு. ப்ராஜெக்ட் முடிஞ்சு ஒன்றரை மாசம் கழிச்சு அவரு சம்சாரம் என்னை சந்தையில பாத்து "அந்த அக்கா ஏன் வரதில்ல, இவரு தினம் கேக்குறாரு"ன்னாங்க. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. அப்புறம் அவரு மறுபடி ஆரம்பிச்சிட்டாருன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கும் அந்தத் தெருப்பக்கம் போறப்ப நெஞ்சு கனக்குது.

இப்ப மெடிக்கல் காலேஜ் டாக்டர் ஒருத்தர் சேர்ந்து நிதி கேக்கலாம்னு கூப்பிடுறாரு. எங்க டீம்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, பெரிய அளவுல மறுபடி ட்ரையல் பண்ணி இது வேலை செய்யுதான்னு நிரூபிக்கணும்ங்குது. நான் சொல்றேன், வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதை எத்தனை தடவை நிரூபிப்பீங்க, யாரு தொடர்ந்து செய்வாங்கங்குறதை ஆராய்ச்சி பண்ணுங்கன்னு. ஆனா அந்த மாதிரி கேள்விக்கு யாராவது பணம் தருவாங்களா? அதே ஊருக்கு மறுபடி ஃபார்மைத் தூக்கிட்டு போறது நியாயமா? இந்த வேலையில இருக்குறவங்க கொஞ்சம் சொல்லுங்க.

அணைக்கட்டு_நர்ஸம்மா

தங்கச்சி, நான் வி.எச்.என்.ஆ, அதான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. உன் கேள்விக்கு பதில் நம்ம ஊர்லயே இருக்குது. கணியம்பாடி ஒன்றியத்துல வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி சமுதாய மருத்துவக்காரங்க வருஷக்கணக்கா ஒவ்வொரு ஊருக்கும் ஆள் போட்டு, பிறப்பு இறப்பு எல்லாத்தையும் வீட்டுக்குப் போய் கேட்டு எழுதி வச்சாங்க. 1992லருந்து 2001 வரைக்கும் அந்தக் கணக்கைப் பாத்துதான் 10 முதல் 19 வயசுப் பிள்ளைங்க தற்கொலை பத்தி 2004ல லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகையில எழுதினாங்க, வருஷத்துக்கு பொம்பளைப் பிள்ளைங்கள்ல லட்சத்துக்கு 148, பசங்கள்ல 58. அதைக் கேட்டப்ப எங்களுக்கு கை கால் ஆடிப்போச்சு. போலீஸ் கணக்கை மட்டும் நம்பியிருந்தா இது வெளிய வந்திருக்காது, வயித்துவலி, அடுப்பு வெடிச்சிதுன்னு எழுதி மூடிருப்பாங்க.

நான் சொல்ல வரது என்னன்னா, அங்க ஆளு ஏற்கனவே போய்க்கிட்டு இருந்தாங்க. பிள்ளை பொறந்தாலும் போவாங்க, தடுப்பூசிக்கும் போவாங்க, சாவுக்கும் போவாங்க. அதனாலதான் ஒரு தாய் "என் பொண்ணு மருந்து குடிச்சிட்டா"ன்னு அவங்ககிட்ட வாயைத் திறந்தா. ஆராய்ச்சி அந்த உறவு மேல உக்காந்துச்சு. உங்க ப்ராஜெக்ட்ல ஆராய்ச்சிக்காக உறவை உண்டாக்கினீங்க, ஆராய்ச்சி முடிஞ்சதும் உறவையும் சுருட்டிட்டீங்க. உன் மேல குத்தம் சொல்லல கண்ணு, பணம் வந்த விதம் அப்படி.

டேட்டாமேனேஜர்_காட்பாடி

நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. பத்து வருஷமா கிராண்ட் எழுதுற பக்கமும் டேட்டா பக்கமும் இருக்கேன்.

முதல்ல "வேலை செய்யுதா"ங்குற கேள்வி. கோவாவுல சங்காத் அமைப்பும் மனநல டாக்டர் விக்ரம் படேல் குழுவும் பிரிட்டன்ல இருக்குற வெல்கம் டிரஸ்ட் அறக்கட்டளைப் பணத்துல செஞ்ச ரெண்டு ட்ரையல் இருக்கு, லான்செட்ல வந்தது. டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ இல்லாத சாதாரண ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல உக்கார வச்சாங்க. குடிக்கு அதிகபட்சம் நாலு சந்திப்பு, மூணு மாசம் கழிச்சு பாத்தா பேசின குழுவுல 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியில இருந்து வெளிய வந்திருந்தாங்க, வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்ச குழுவுல 26. மனச்சோர்வுக்கு ஆறுலருந்து எட்டு சந்திப்பு, அங்க பேசின குழுவுல 64 சதவீதம் பேர் மனச்சோர்வுல இருந்து வெளிய வந்தாங்க, மத்த குழுவுல 39. பலன் ஒரு வருஷம் வரைக்கும் நின்னுச்சு. தமிழ்நாட்டுலயே சென்னை ஸ்கார்ஃப் மனநல அமைப்பு பங்கெடுத்த 2014 மனச்சிதைவு ட்ரையல் பாருங்க, மூணு இடத்துல நடந்ததுல நம்ம கிராமப்புறத்துலதான் நோய்க்குறியும் முடக்கமும் நல்லா குறைஞ்சுது. ஜிம்பாப்வேல ட்ரெயினிங் வாங்கின பாட்டிங்க மனசு ஒடிஞ்சவங்க கிட்ட பெஞ்சுல உக்காந்து பேசுறதும் 2016ல நிரூபணம் ஆயிடுச்சு. அதனால உங்க கட்சிதான் சரி, முதல் கேள்விக்கு மறுபடி கோடிக்கணக்குல செலவு பண்ண வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு. இந்த மாதிரி நல்ல முடிவு வந்த இடத்துல எல்லாம் பின்னாடி சூபர்விஷன் இருந்துச்சு. கோவாவுல வாராவாரம் உக்காந்து, பேசினதை ரெக்கார்ட் பண்ணி கேட்டு, எங்க தப்பாச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. அதுதான் சாமி செலவு. பட்ஜெட் குறைக்கச் சொன்னா எல்லாரும் முதல்ல வெட்டுறது அந்த வரியைத்தான், டேப்லெட்டை யாரும் வெட்ட மாட்டாங்க, ஏன்னா டேட்டா வரணும். அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கணும்: ப்ராஜெக்ட் சம்பளம் இல்லாம, ஏற்கனவே அரசு சம்பளத்துலயோ ஊக்கத்தொகையிலயோ இருக்குற ஒரு ஆளு இதைச் செஞ்சா, யாரு மேற்பார்வை பாத்தா தரம் கெடாம இருக்கும், ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு ஆகும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சும் நடக்குதா. இதுக்கு இம்ப்ளிமென்டேஷன் ரிசர்ச்னு பேரு, இதுக்கு பணம் தராங்க.

யாரு தராங்கன்னா, நம்ம நாட்டுல மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். இருக்கு, உங்க டாக்டர் தன் பேர்ல கேட்டா இந்திய அரசும் வெல்கமும் சேர்ந்து பணம் போடுற இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப் இருக்கு. வெளியில வெல்கம், பிரிட்டன் அரசோட சுகாதார ஆராய்ச்சி அமைப்பு என்.ஐ.எச்.ஆர்., கனடாவோட கிராண்ட் சேலஞ்சஸ் இதெல்லாம் ஏழை நாடுகள்ல மனநல சேவை பத்தின ஆராய்ச்சிக்கு பணம் போட்டவங்க. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு என்.ஐ.எச். ரொம்ப நாளா பெரிய ஆளு, ஆனா 2025 மே மாசம் வெளிநாட்டு கூட்டாளிக்கு துணை கிராண்ட் போற பழைய முறையை நிறுத்தி வச்சாங்க, அந்த முறையை நம்பி இருந்த எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய இடி. இங்க பக்கமும் கெடுபிடி உண்டு. எஃப்.சி.ஆர்.ஏ.ன்னு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இருக்கு, அதுல 2020 திருத்தத்துக்கு அப்புறம் வெளிநாட்டுப் பணம் வாங்கின ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு அதைப் பிரிச்சுக் குடுக்க முடியாது, அதாவது காலேஜ் வாங்கி உங்க தொண்டு நிறுவனத்துக்கு தரதுங்குற கணக்கே செல்லாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வெளிநாட்டுக் கூட்டுன்னா ஐ.சி.எம்.ஆர். வழியா சுகாதார அமைச்சகத்தோட ஸ்கிரீனிங் கமிட்டி அனுமதியும் வேணும், அதுக்கு மாசக்கணக்குல டைம் வச்சிக்கோங்க. உங்க அளவுக்கு உள்நாட்டுப் பணத்துல ஆரம்பிக்கிறதே நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

ஆம்பூர்_பொண்ணு

நீங்கல்லாம் பெரிய விஷயம் பேசிகினு கீறீங்க, நான் வீட்டு பக்கம் சொல்றேன். எங்க நைனா தோல் கம்பெனியில வேலை, இருபது வருஷம் குடிச்சாரு. கோயில்ல கயிறு கட்டினோம், மூணு மாசம் நின்னாரு, கயிறு அறுந்த அன்னிக்கே போயிட்டாரு. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு எங்க அம்மா ஒரு கடையில குடியை நிறுத்துற மாத்திரை வாங்கியாந்து அவருக்கு தெரியாம கொழம்புல கலந்துட்டாங்க. அன்னிக்கு அவரு குட்சிட்டு வந்து சாப்ட்டதும் மூஞ்சி செவந்து, மூச்சு இஸ்துகினு, நெஞ்சு பட படன்னு அடிச்சு, ராத்திரி ஆட்டோ புடிச்சு இட்டுனு ஓடினோம். பொழச்சாரு. எங்க அம்மா அந்தக் குத்த உணர்ச்சியில அப்புறம் தூங்கவே இல்ல.

ஒரு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா குடின்னா இங்க இல்ல, மறுவாழ்வு மையம் போங்கன்னாங்க. அங்க போனா இவருக்கு பயம், சந்தேகம் எல்லாம் கீது, மனநல டாக்டர் பாக்கணும்னாங்க. ரெண்டுக்கும் நடுவுல நாங்க பஸ்ல அலைஞ்சோம், ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. அந்த ஒரு வருஷத்துல ஒருத்தர்கூட எங்க அம்மாவப் பாத்து "நீ எப்படிமா கீற"ன்னு கேக்கல. உங்க ஃபார்ம்ல எங்க அம்மாவுக்கு ஒரு எடம் கீதா? அத மட்டும் சொல்லுங்க.

டேட்டாமேனேஜர்_காட்பாடி

தங்கச்சி, நீங்க சொன்னது மேல இருந்தே வருது. நம்ம நாட்டுல மனநலம் சுகாதாரத் துறை கையில, குடி போதை மறுவாழ்வு மையத்துக்கு பணம் சமூக நீதி அமைச்சகத்துல இருந்து. அமெரிக்காவுலயும் ஆராய்ச்சிப் பணம் தர மனநலத்துக்கு ஒரு நிறுவனம், போதைப்பொருளுக்கு ஒண்ணு, மதுவுக்கு தனியா இன்னொண்ணு. பணம் மூணு குழாயில வருது, வீட்டுல எல்லாம் ஒரே பாயில படுத்திருக்கு. 2019ல எய்ம்ஸ் குழு நாடு முழுக்க எடுத்த கணக்குல மதுவுக்கு அடிமையானவங்க 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்குதுன்னு வந்துச்சு. மீதி 37 பேர் வீட்டுலயும் உங்க அம்மா மாதிரி ஒரு ஆளு இருக்காங்க.

வாலாஜா_பார்மசி

ஒரு எச்சரிக்கை, இதை ப்ரோட்டோகால்ல, அதான் ஆராய்ச்சி நடத்துற முறைக் குறிப்புல எழுதாம விட்றாதீங்க. அந்த கோவா ட்ரையல் ஆபத்தா குடிக்கிறவங்களுக்கு, முழுசா அடிமையானவங்களை அதுல சேக்கல. காலையில கண்ணு முழிச்சதும் கை நடுங்குறவரு, குவார்ட்டர் போனாதான் நிதானத்துக்கு வர்றவரு, அவருகிட்ட போய் பேசி ஒரேடியா நிறுத்தச் சொன்னா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரும், புலம்பி ஆள் தெரியாம போவாங்க, உயிரே போகலாம். அவங்களை டாக்டர்கிட்ட அனுப்பி, மாத்திரையோடயும் தயமின்ங்குற வைட்டமின் ஊசியோடயும் நிறுத்த வைக்கணும். அக்காங்களுக்கு முதல் நாள் ட்ரெயினிங்கே இதுவா இருக்கட்டும். அனுப்புற எடத்துல பெட் இருக்கா, அங்க போக வண்டிக்காசு யாரு தருவாங்கங்குறதும் பட்ஜெட்ல வரணும்.

ஆம்பூர் தங்கச்சி சொன்ன கொழம்பு மாத்திரை விஷயம் இன்னும் நடக்குது. நான் சீட்டு இல்லாம தரவே மாட்டேன், எவ்வளவு அழுதாலும். மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

நெசவுத்தெரு_குடியாத்தம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆம்பூர் தங்கச்சி, உண்மையைச் சொல்றேன், எங்க பழைய ஃபார்ம்ல உங்க அம்மாவுக்கு ஒரே ஒரு கட்டம் இருந்துச்சு, "தகவல் தந்தவர் உறவு முறை"ன்னு. அதைப் படிச்சிட்டு ராத்திரி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இந்த தடவை வீட்டுல இருக்குற பொம்பளையோட நிலைமை தனியா, அவங்களுக்கும் சந்திப்பு தனியா, அவங்க நல்லா ஆனாங்களாங்குறதும் முடிவுல ஒரு அளவுகோலா வைக்கப்போறேன், டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

ஒரு யோசனை. 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம் வாலன்டியர் அக்காங்க பி.பி., சுகர் மாத்திரையோட வீட்டுக்கு வராங்கல்ல, அவங்க வழியா இதைச் செய்ய முடியுமான்னு பாக்குறதுதான் எங்க கேள்வின்னு வச்சா எப்படி? மேற்பார்வைக்கு எங்க பழைய ஆறு அக்காங்கள்ல ரெண்டு பேரு.

அணைக்கட்டு_நர்ஸம்மா

யோசனை நல்லது, ஆனா நானும் அந்தப் பொண்ணுங்க மாதிரி தெருத்தெருவா நடந்தவ. மேல இருக்குறவங்க எது புதுசா வந்தாலும் அவங்க தலையிலதான் ஏத்துவாங்க, குடும்பக் கட்டுப்பாடு காலத்துல இருந்து அதைப் பாத்துட்டேன். மாத்திரை குடுக்க அஞ்சு நிமிஷம் போதும். ஒரு குடிகாரன் சம்சாரம் பேச ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம் ஆகும், பாதியில எழுந்து வர முடியாது. அந்த முக்கால் மணிக்கு அவங்களுக்கு என்ன காசு, அன்னிக்கு எத்தனை வீடு குறைச்சுப் போகலாம்னு முதல்லயே அதிகாரிகிட்ட எழுத்துல வாங்கு. முடியாதுன்னு சொன்னாங்கன்னா அதுவும் ஒரு முடிவுதான், அதையும் மறைக்காம எழுது.

அப்புறம் பழைய ஊருக்குப் போறது நியாயமான்னு கேட்டியே. ஃபார்ம் எடுக்காம ஒரு தடவை போ. நின்னு போனதுக்கு காரணத்தைச் சொல்லு, அவங்க திட்டினா வாங்கிக்கோ. அப்புறம் அவங்களே சொல்லுவாங்க வரலாமா வேண்டாமான்னு.

நெசவுத்தெரு_குடியாத்தம்

சரிங்கம்மா. ஞாயித்துக்கிழமை தறி ஓடாது, அந்த அண்ணன் வீட்டுல இருப்பாரு, பழைய அக்காவையும் கூட்டிட்டு போறேன்.

டேட்டாமேனேஜர்_காட்பாடி

போயிட்டு வந்து வரைவை இங்கயே போடுங்க, பட்ஜெட் பக்கத்தை நான் பாக்குறேன். சூபர்விஷன் வரியை யாரு வெட்டச் சொன்னாலும் வெட்டாதீங்க, வேணும்னா பத்து ஊரை ஆறு ஊராக்குங்க. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பிப் போய் பாக்குறதுக்கான பணத்தை இப்பவே அதுல எழுதிடுங்க.