டே-கேர் முதல் ஆண்டு விழா: நேரம், சாப்பாடு, அலங்காரம்?

தக்கலைப் பக்கம் சின்ன டே-கேர். 8 மாசம் முதல் 4 வயசு வரை 18 பிள்ளைகள். ஜூன்ல ஒரு வருஷம் நிறையுது. பெற்றோரையும் கூப்பிடுறோம். எப்படி நடத்தினா நல்லது?

பதில் 1:
காலை 10-க்குத் தொடங்கி 11-க்குள்ள முடிங்க. தூக்க நேரம் தாண்டி ஒண்ணு அழுதா மொத்தமும் அழும். ஜூன்ல மழைக்காலம், முற்றத்துப் பந்தலை நம்பாதீங்க. கேக் பிள்ளைக்கு 50 கிராம், பெரியவங்களுக்கு 60. தாய் தகப்பன் ரெண்டு பேரும் வந்தா 3 கிலோ சரியா இருக்கும்.

பதில் 2:
ரப்பர் பலூன் வேண்டவே வேண்டாம். வெடிச்ச துண்டு தொண்டையில ஒட்டினா மூச்சை அடைச்சிரும். தோவாளைச் சந்தைப் பூவும் காகிதத் தோரணமும் போதும், அதுவும் கை எட்டாத உயரத்துல.
ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) அவிச்சு, நடுவிலுள்ள கருப்பு விதையை எடுத்துட்டு, சின்னதா நறுக்குங்க. திராட்சையை நீளவாக்கில நாலா வெட்டணும். சிப்ஸ், முழுக்கடலை பெரியவங்க தட்டுல மட்டும். ஒரு வயசு ஆகாததுக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது.

பதில் 3:
வாசலை மறந்துட்டீங்களே! விருந்தாளி வந்து போகும்போது கேட் திறந்தே கிடக்கும். ஒரு ஆயா அங்கேயே நிக்கணும், பரிமாற இழுக்காதீங்க. போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடும் முன்னே பெற்றோர்கிட்ட எழுதி வாங்குங்க.