ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் குரூப்: சாப்பிட்டால் தலை சுற்றுகிறது

வியாழன்

பாலு, மதியம் 2:41
இன்றைக்கும் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்த வசந்தா, ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்து உட்கார வைத்தேன். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. கதவில் ஒட்டியிருந்த பழனி முருகன் கீழே விழுந்து வேல் தனியாக, மயில் தனியாகக் கிடக்கிறது.

வசந்தா, 2:44
இதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா? ஒன்றும் இல்லை. லேசாகக் கிறுகிறுத்தது.

பாலு, 2:44
லேசாகவா? இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

ராஜம், 2:50
பித்தம்தான். அப்புறம் கண்ணும் பட்டிருக்கிறது. மீனா நிச்சயதார்த்தத்தில் எத்தனை பேர் "வசந்தா பாதியாக இளைத்துவிட்டாளே" என்று சொன்னார்கள். சாயங்காலம் வருகிறேன், மிளகாய் சுற்றிப் போடலாம்.

முருகேசன், 2:53
உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு பெரியக்கா. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுத்தால் சரியாகிவிடும்.

கார்த்தி, 2:55
பலமுறை அனுப்பப்பட்டது: தலைசுற்றலை ஏழே நாளில் விரட்டும் அதிசய இலை...

மீனா, 3:02
அம்மா, நேற்று போனில் பேசும்போது இதைச் சொல்லவே இல்லையே? அப்பா, சுகர் பார்த்தீர்களா?

கார்த்தி, 3:04
சுகர் லோ ஆகியிருக்கும் சித்தி. வாயில் ஒரு கடலைமிட்டாயைப் போடுங்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் யாராவது கஷ்டப்படுவார்களா?

வசந்தா, 3:06
மிட்டாயா! பத்து வாரமாகக் கட்டிக் காத்தது என்ன ஆவது?

செல்வி, 4:12
இப்போதுதான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்தது. கார்த்தி அத்தான், முதலில் அந்த அதிசய இலையை அழித்துவிடுங்கள்.

கார்த்தி, 4:13
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி, 4:15
வசந்தா அத்தை, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். வீடு சுற்றுகிற மாதிரி இருக்கிறதா, இல்லை கண் இருட்டிக்கொண்டு வருகிறதா?

வசந்தா, 4:17
வீடெல்லாம் சுற்றவில்லை. காது அடைக்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும், அப்புறம் இருட்டும். உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

செல்வி, 4:18
நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, படபடப்பு? பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை மரத்துப்போவது?

வசந்தா, 4:19
அதெல்லாம் இல்லை.

செல்வி, 4:19
இதில் ஏதாவது ஒன்று வந்தால் குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-க்குப் போட வேண்டும் மாமா. அடுத்து, மலம் கறுப்பாகப் போகிறதா?

வசந்தா, 4:20
அடியே, உங்க அப்பா இருக்கிற குரூப்பில் கேட்கிற கேள்வியா இது? இல்லை.

முருகேசன், 4:21
நான் எதையும் பார்க்கவில்லை.

செல்வி, 4:22
அப்பா, உண்ட மயக்கம் என்றால் தூக்கம் வரும், கொட்டாவி வரும். ஆள் கண் இருட்டி விழப் பார்த்தால் அது வேறு. அத்தை, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது?

வசந்தா, 4:26
முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில். எனக்கே காரணம் தெரியும் செல்வி. காலையில் வெறும் வயிற்றோடு ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. சோறு உள்ளே போனால்தான் தலை சுற்றுகிறது. அப்படியென்றால் சோறு ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரமே பாதியாகக் குறைத்தேன், அதற்கப்புறம் கூடிவிட்டது. நாளையிலிருந்து மதியமும் வெள்ளரிக்காய்தான்.

செல்வி, 4:28
ஐயோ அத்தை. நேற்று காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டதை ஒன்று விடாமல் எழுதுங்கள். தண்ணீர், மாத்திரை எல்லாம் சேர்த்து.

வசந்தா, 4:41
6 மணி: வெந்நீரில் எலுமிச்சை, ஒரு டீஸ்பூன் தேன்
11 மணி: ஒரு கொய்யா
1:30: சோறு ஒன்றரைக் கப், சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். ரத்த அழுத்த மாத்திரை
5 மணி: சர்க்கரை போடாத டீ, மேரி பிஸ்கட் 2
8 மணி: வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர், உப்பு போடாமல்
தண்ணீர் நாலு டம்ளர் இருக்கும்

பாலு, 4:42
மோரில் உப்பு இல்லை, பொரியலில் உப்பு இல்லை. நானும் சேர்ந்துதான் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். என்னை யாரும் கேட்பதில்லை.

செல்வி, 4:55
கூட்டிப் பார்த்தேன். தாராளமாகப் போட்டாலும் 700 கலோரிதான் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் போட்ட கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை பார்க்கிற 55 கிலோ பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1660 வேண்டும். நீங்கள் அதில் பாதிகூடச் சாப்பிடாமல் ஆறு கிலோமீட்டர் நடக்கிறீர்கள். யார் சொன்ன டயட் இது?

வசந்தா, 4:57
வாக்கிங்கில் கூட வருகிறவள் ஒரு வீடியோ அனுப்பினாள். 71 இருந்தேன், இப்போது 63. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியது!

செல்வி, 5:01
அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர் அத்தை. ஈரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அதுதான், கூடவே உப்பும் போகும். சரி, மாத்திரை முன்பு காலையில்தானே போடுவீர்கள்?

வசந்தா, 5:03
காலைச் சாப்பாட்டை விட்டதிலிருந்து மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். வெறும் வயிற்றில் போட்டால் புண்ணாகும் என்று நானே.

செல்வி, 5:04
அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வசந்தா, 5:09
(படம்)

செல்வி, 5:12
நினைத்தேன். நீர் பிரிக்கிற மருந்தும் சேர்ந்த மாத்திரை. கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது?

பாலு, 5:12
ஆடியில். இவள் 71 கிலோவில் இருந்தபோது.

செல்வி, 5:20
இப்போது கேளுங்கள். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் பள்ளத்தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேட்டுத்தெருவில் என்ன ஆகும்?

ராஜம், 5:21
நூல் மாதிரி வரும். நாங்கள் மேட்டுத்தெருதானே, பார்க்காததா! ஆனால் இது நகராட்சி செல்வி, கார்ப்பரேஷன் உங்கள் திருநெல்வேலியில்.

செல்வி, 5:27
சரி நகராட்சி. சாப்பிட்டதும் குடல்தான் பள்ளத்தெரு. செரிக்க வேண்டும் என்று ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். தலைதான் மேட்டுத்தெரு. சாதாரணமாக இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, மற்ற இடத்து ரத்தக்குழாய்கள் இறுகி, தலைக்குப் போவது குறையாமல் பார்த்துக்கொள்ளும். அத்தைக்குத் தொட்டியிலேயே தண்ணீர் குறைவு: சாப்பாடு இல்லை, உப்பு இல்லை, நாலு டம்ளர் தண்ணீர், மேலே நீர் பிரிக்கும் மருந்து. குழாயை இறுக விடாமல் மாத்திரை தளர்த்துகிறது. அதையும் சோற்றோடு சேர்த்தே போடுகிறீர்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, ஒரே வேளையில் சோறு உள்ளே போனால் ஏன் தலை சுற்றாது? குற்றம் சோற்றின் மேல் இல்லை, மற்ற நேரத்துப் பட்டினியின் மேல். இது என் ஊகம்தான், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ராஜம் அத்தை, உங்கள் சுகர் மிஷினையும் பிரஷர் மிஷினையும் எடுத்துக்கொண்டு நாளை மதியம் அங்கே போவீர்களா?

ராஜம், 5:29
போகிறேன். மிளகாயும் கொண்டுபோவேன்.

செல்வி, 5:30
கொண்டுபோங்கள், அதில் பக்கவிளைவு ஒன்றும் இல்லை. அத்தை, மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நாளை காலை வெறும் வயிற்றில் நடக்கவும் கூடாது.

வெள்ளி

ராஜம், மதியம் 1:25
சாப்பாட்டுக்கு முன்: 122/76. பத்து நிமிஷம் உட்கார வைத்துத்தான் எடுத்தேன்.

ராஜம், 2:20
இப்போது எழுந்து நின்றவள் தலை சுற்றுகிறது என்கிறாள். நின்றபடியே எடுத்தேன். 94/58. சுகர் 124.

செல்வி, 2:22
உடனே படுக்க வையுங்கள், காலுக்குக் கீழே இரண்டு தலையணை. மயக்கம் தெளிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர்.

ராஜம், 2:31
படுத்த உடனே தெளிந்துவிட்டாள். எனக்குத்தான் கை நடுங்குகிறது.

செல்வி, 2:36
சுகர் இறங்கவில்லை. 70-க்குக் கீழே போனால்தான் லோ. பிரஷரில் மேல் எண்ணே 28 இறங்கியிருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் 20-க்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயம். வயதானவர்களுக்கும், சுகர், பிரஷர் இருக்கிறவர்களுக்கும் இது வருவதுண்டு. ராஜம் அத்தை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, சாப்பாட்டுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கார்த்தி, 2:38
அப்படியென்றால் என் கடலைமிட்டாய் வைத்தியம் தப்பா?

செல்வி, 2:39
காரணம் தப்பு. மிட்டாய் தப்பில்லை.

பாலு, இரவு 8:47
பார்த்துவிட்டு வந்தோம். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அம்மா, இது ஒரு நாள் சாப்பாடா, ஒரு வேளைச் சாப்பாடா?" இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீர் பிரிக்கும் மருந்து இல்லாத, குறைந்த அளவு மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். போடுகிற நேரம் இரவு. எடை குறைந்தால் பிரஷரும் தானாகக் குறையும், அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார். ஈசிஜியில் கோளாறு இல்லை. ஹீமோகுளோபின் 9.6.

செல்வி, 8:52
பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் குடல் இழுத்துக்கொண்டால் தலைக்கு என்ன மிஞ்சும்? இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருப்பார்களே. அதை டீயோடு போடாதீர்கள், டீக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

பாலு, 8:54
மாதவிலக்கு நின்ற வயதில் ரத்தம் குறைந்தால் உள்ளே எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மலப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார்.

வசந்தா, 8:55
எல்லாவற்றையும் குரூப்பில் போடுங்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அடித்துவிடுங்கள்.

முருகேசன், 8:56
நான் இதையும் பார்க்கவில்லை அக்கா.

மீனா, 9:10
எல்லாம் என்னால்தான். ஜாக்கெட் அளவு கொடுக்கும்போது "அம்மா கொஞ்சம் குறைத்தால் பட்டுப்புடவை எடுப்பாக இருக்கும்" என்று சொன்னேன்.

வசந்தா, 9:12
நீ சொன்னதற்காக இல்லடி. உன் மாமியார் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நிச்சயத்தில் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவில் நான்தான் பெரியவள் மாதிரி தெரிந்தேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

செல்வி, 9:20
மீனா, நீ இரவில் என்ன சாப்பிடுகிறாய்?

மீனா, 9:26
சாலட்.

செல்வி, 9:27
மதியம்?

மீனா, 9:31
வேலை இருந்தால் சாப்பிட மாட்டேன் மதினி.

செல்வி, 9:33
நாளைக்கே ரத்தம் பார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எங்கள் வார்டில் பார்த்தால் அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமே இல்லை.

வசந்தா, 9:34
சாப்பிடாமல் இருக்கிறாயா? கல்யாணத்தை வைத்துக்கொண்டு? போனை எடு, இப்போது கூப்பிடுகிறேன்.

கார்த்தி, 9:35
இதை யார் சொல்வது என்று பாருங்கள் மக்களே.

செல்வி, 9:50
வசந்தா அத்தை, எடை குறைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு அரை கிலோ போதும். காலையில் மூன்று இட்லி, சட்னியோடு ஒரு அவித்த முட்டை. மதியம் அதே சோறு, கூட ஒரு கரண்டி பருப்போ சுண்டலோ கூடுதலாக. சாயங்காலம் ஒரு கடலைமிட்டாய் சாப்பிடலாம், அதற்காக ஒரு டப்பா இல்லை. இரவு இரண்டு தோசை அல்லது சப்பாத்தி. ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர், சாப்பிட்டதும் விருட்டென்று எழ வேண்டாம். பாத்திரத்தை மாமா கழுவட்டும்.

பாலு, 9:51
அது எந்த வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது?

செல்வி, 9:51
என் புத்தகத்தில். உப்பு பழைய அளவுக்கே வரட்டும், ஊறுகாய் அப்பளம் வேண்டாம்.

பாலு, 9:52
பாத்திரம் கழுவுகிறேன். உப்பு வந்தால் சரி.

அடுத்த வெள்ளி

ராஜம், மதியம் 2:25
முன்னால் 126/80. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 116/74. நின்றுகொண்டே எடுத்தேன், அவள் என்னைத் திட்டிக்கொண்டே நின்றாள். ஆறாவது நாளாகத் தலைசுற்றல் இல்லை. மிளகாய் சுற்றியதில் அன்றைக்கு நெடியே வரவில்லை, அப்போதே தெரியும்.

செல்வி, 2:40
மலப் பரிசோதனை?

பாலு, 2:41
கசிவு இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

மீனா, 2:58
எனக்கு 11.2. மாத்திரை தொடங்கிவிட்டேன். மதியம் டப்பா கட்டிக்கொண்டு போகிறேன். அம்மா தினமும் ஒரு மணிக்கு வீடியோ காலில் வந்து டப்பாவைப் பார்க்கிறார்கள், ஆபீசில் எல்லாருக்கும் அம்மாவைத் தெரிந்துவிட்டது.

முருகேசன், 3:05
எடை எவ்வளவு அக்கா?

வசந்தா, 3:11
64. ஒரு கிலோ ஏறிவிட்டது. ஜாக்கெட் பிடித்தால் என்ன செய்வது என்று டெய்லரிடம் போய்க் கேட்டேன். "உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன் அக்கா, கல்யாண வீட்டு அம்மாக்கள் எல்லாரும் இளைப்பார்கள், எல்லாரும் திரும்பி வருவார்கள்" என்கிறான்.

பாலு, 3:14
தாம்பூலப் பைக்கு வாங்கி வைத்த கடலைமிட்டாயில் இரண்டு பாக்கெட் குறைகிறது. செல்வி, ஒரு நாளைக்கு ஒன்று என்றுதானே சொன்னாய்?

வசந்தா, 3:15
இந்தச் செய்தி நீக்கப்பட்டது