மண்பானையில் தைப்பொங்கல்: வீட்டு முறை மாறாமல் வைப்பது எப்படி? (பல ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு)

குக்கரில் வைத்து இறக்கினாலும் பொங்கல் பொங்கல்தான். ஆனால் பானை பொங்கி வழிவதை வீட்டுப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மண்பானைக்கு ஈடில்லை. பாதி வேலை பானை வாங்கும்போதே முடிந்துவிடும். விரலை மடக்கித் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல பானை. மழுங்கலாக 'டொக்' என்றால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது, இல்லையென்றால் சூளையில் சரியாக வேகவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் முழுக்க லேசாக ஈரம் பூப்பது இயல்பு. ஒரே கோடாக ஈரம் தெரிந்தால் அந்தப் பானை வேண்டாம். பெயின்ட் அடித்து மினுக்கும் பானை அலங்காரத்துக்கு மட்டும்தான். தீயில் வைத்தால் பெயின்ட் கருகி அந்த நாற்றம் பொங்கலில் இறங்கும்.

வாங்கியதை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது, பழக்க வேண்டும். ஒரு முழு நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு சோறு வடித்த கஞ்சியை முக்கால் பானை ஊற்றி, சிறுதீயில் அரைமணி நேரம் வைத்து, தானாக ஆறிய பிறகு கொட்டுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். இரண்டு தடவை செய்தால் போதும். இதைப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், போகியன்று தொடங்கினால் பானை உலர நேரம் இருக்காது.

பானை வெடிக்கப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஈரம் ஊறிய சுவரில் எடுத்த எடுப்பில் பெருந்தீ பட்டால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கும். கொதிக்கிற பானையில் பச்சைத் தண்ணீர் விட்டால் உள்சுவர் சுருங்கும், வெளிச்சுவர் சூட்டில் விரிந்தபடியே நிற்கும். அதனால் பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

*

கேஸ் அடுப்பில் வைப்பவர்களுக்கு: முதல் பத்து நிமிடம் சிம்மில் மட்டும். உருண்டை அடிப் பானை பர்னர் மேல் ஆடும், கனமான இரும்பு வளையம் ஒன்று வைத்து அதன்மேல் உட்கார்த்துங்க. இன்டக்ஷன் அடுப்பில் மண்பானை சூடே ஆகாது, முயற்சி வேண்டாம். அபார்ட்மென்ட்டில் கண்ணாடி போட்டு மூடின பால்கனியில் கரி அடுப்பு பற்ற வைக்கவே வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, சேர்வதே தெரியாது. மொட்டை மாடி கிடைத்தால் அதுதான் நல்லது, சூரியனும் நேரே தெரியும்.

*

"எங்கள் வீட்டில் பொங்கவே மாட்டேன் என்கிறது" என்று வருடா வருடம் கேள்வி வருகிறது. பெரும்பாலும் பானை பெரிதாக இருக்கும், உள்ளே இருப்பது கொஞ்சமாக இருக்கும். ஏறத்தாழ முக்கால் பானை வரை நிரப்ப வேண்டும். கழுத்து குறுகிய பானையாக இருந்தால் நுரை சீக்கிரம் மேலே வரும், அகன்ற வாய்ச் சட்டியில் பரவி அடங்கிவிடும்.

ஒன்றே முக்கால் லிட்டர் பிடிக்கும் பானைக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்: தண்ணீர் 1 லிட்டர், பால் 250 மில்லி, பச்சரிசி 200 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 350 கிராம், நெய் 75 கிராம். வெறும் தண்ணீருக்குப் பதிலாக அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை ஊற்றுவது பல வீடுகளின் பழைய முறை. அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொதித்தால் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதமும் களைந்த நீரின் மாவும் குமிழியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் அது உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். முதலில் ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாகக் கட்டும், பிறகு நடுவில் ஏடு சுருங்கி மெல்ல உப்பும், அடுத்த நொடி மொத்தமும் எழுந்து கழுத்துக்கு வந்துவிடும். இந்த நேரத்தில் கரண்டி போடாதீர்கள், ஊதாதீர்கள், தீயை மட்டும் கூட்டுங்கள். கிழக்கே வழிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் பானையை வைக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு நூல் சாய்த்து வைத்தால் போதும்.

பொங்கியதும் இரண்டு கரண்டி நீரை முகந்து தனியே வைத்துவிட்டு, அரிசியும் பருப்பும் மூன்று கை அள்ளிப் போட்டு, மீதியையும் சேருங்கள். இனி தீ அடங்கியே இருக்க வேண்டும். முகந்த நீரைச் சூடாகவே வைத்திருந்தால் இறுகும்போது ஊற்றலாம்.

வெல்லம் போடும் நேரத்தில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். அரிசியை இரு விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் குழைய வேண்டும். அதற்கு முன் வெல்லம் விழுந்தால் அரிசி அதற்கு மேல் வேகாது, எவ்வளவு நேரம் கிண்டினாலும் நறநறவென்றுதான் இருக்கும். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சூடாக ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மண் பல்லில் கடிபடும். சில வெல்லத்தில் புளிப்பு இருக்கும், பால் திரிந்து போகும். தீயைத் தணித்துவிட்டு ஊற்றினால் அந்தப் பயம் குறையும். பச்சைக் கற்பூரம் ஓர் அரிசியளவு போதும், கூடினால் கசக்கும். கடைசியாக, கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குங்கள். மண்பானை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இறக்கிய பிறகும் இறுகிக்கொண்டே போகும்.

*

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் வாசலில் வைக்கிற முறை கொஞ்சம் வேற. செங்கலுக்குப் பதிலா மூணு பொங்கல் கட்டி. மண்ணுல செஞ்சு, சுண்ணாம்பும் காவியும் பூசினது. எரிக்க பனை ஓலை. ஓலை குபீர்னு எரிஞ்சு சட்டுனு அடங்கும், அதனால பால் பொங்குற வரைக்கும் அருமையான தீ, ஆனா பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து தள்ளிக்கிட்டே இருக்கணும். அரிசி போட்ட பிறகு மட்டையும் சிரட்டையுமா மாத்திக்கிட்டா நின்னு எரியும். அப்பவும் ஓலையே போட்டா ஒரு நேரம் அடிப்பிடிக்கும், ஒரு நேரம் கொதியே இருக்காது.

படையலுக்குத் தலைவாழை இலை, நுனி சாமிக்கு இடப்பக்கம் வரணும். நிறைநாழி நெல், குத்துவிளக்கு, அப்புறம் காய்கிழங்கு: சிறுகிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, கருணை, பிடிகிழங்கு. சிறுகிழங்கு இந்தச் சீசன்லதான் வரும், கடைசி நாள் போனா மிச்சம் கிடைக்கிறது அழுகலாத்தான் இருக்கும். ரெண்டு நாள் முன்னாலயே வாங்கி ஈரம் படாம பரப்பி வைங்க. தோலை எடுக்க, சாக்குத் துணியில கட்டி தரையில தேய்ச்சா சீக்கிரம் உரியும்.

*

கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் மாலை காப்புக் கட்டுவோம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வாசல் நிலை, கூரை முகப்பு, தொழுவம், வயல் எல்லா இடத்திலும் செருகுவது. நகரத்தில் பூளைப்பூ கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். காலி மனைகளிலும் சாலையோரத்திலும் அது தானாகவே முளைத்துக் கிடக்கும்.

*

ஒரு விஷயத்தை இங்கே இதுவரை யாரும் சொல்லவில்லை. பாட்டிமார் சொல்லும் அளவு எல்லாம் படி, உழக்கு, ஆழாக்கில் இருக்கும். 1 படி என்பது 4 உழக்கு, அல்லது 8 ஆழாக்கு. ஆனால் படியின் அளவே ஊருக்கு ஊர் மாறும், அதனால் இணையத்தில் வரும் மில்லி கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு ஆழாக்கிலேயே தண்ணீரை நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதி வையுங்கள். எந்தக் காய், எந்தத் திசை, முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பது போகியன்றா பொங்கலன்றா, முதல் பிடி அரிசி யார் போடுவது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

தேதி பற்றி: சூரியன் மகரத்தில் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே தை 1, பின் என்றால் மறுநாள். அதனால்தான் பழைய வாக்கியப் பஞ்சாங்கக் கணக்குப்படி 2025இல் ஜனவரி 14, 2026இல் ஜனவரி 15.

பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தில் கிழங்கை வெட்டி எடுத்து வைத்தால் மறுநாள் பெரியவர்கள் நெற்றியில் கீறி வாழ்த்த உதவும். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வாயை மூடாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.