கேட் போட்டால் அணைந்துவிடும் மார்க் 2: ஏர்லாக்கா, கன்டென்சரா?

முதுநகர்_மார்க்2

வணக்கம். 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். அடுத்த மாதம் பாண்டி பீச் ரோட்டில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் வரை ஒரு குறையும் இல்லை. அரியாங்குப்பம் நெரிசலில் லேசாக மிஸ்ஸிங். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டில் ஸ்லோவில் நின்றால் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. 20 நிமிடம் விட்டால் ஒரே சுற்றில் ஸ்டார்ட். டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. பிளக் புதுசு, கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஒரு மெக்கானிக் ஏர்லாக் (சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது) என்கிறார், இன்னொருவர் பிளக்குக்கு ஸ்பார்க் கரன்ட் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது? கண்காட்சிக்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பாயிண்ட்செட்

ஆறிய வண்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது சார். அணைந்த அந்த இரண்டு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். தள்ளி ஓரம் கட்டிவிட்டு, முதலில் கரன்ட், பிறகுதான் பெட்ரோல். வரிசை மாறக்கூடாது: பெட்ரோல் பைப்பைக் கழற்றிய இடத்தில் ஸ்பார்க் பார்த்தால் வண்டியே எரியும்.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வரும் நடு ஒயரை மூடியிலிருந்து உருவி, பிளாஸ்டிக் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, முனையை எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். பட் பட்டென்று நீலமாகத் தாண்டினால் கரன்ட் பக்கம் பழுதில்லை. மஞ்சளாக, நூல்போல வந்தாலோ, வராமல் போனாலோ கன்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன உருளை) அல்லது காயில். கன்டென்சர் சூட்டில் உள்ளே கரன்ட் ஒழுக ஆரம்பிக்கும், ஆறினால் சரியாகிவிடும். உங்கள் 20 நிமிடக் கணக்கு அதற்கும் பொருந்துகிறது, ஏர்லாக்குக்கும் பொருந்துகிறது. அதனால்தான் இரண்டு மெக்கானிக் இரண்டு சொல்கிறார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரன்டை வெட்டிச் சேர்க்கும் பாயிண்டின் முகத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு, சுற்றிலும் நீலக்கறை என்றால் கன்டென்சர் மேல் சந்தேகம் உறுதி. புதுப் பாயிண்ட் போட்டால் இடைவெளி 15 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று; 0.38 மி.மீ.), பிளக் 25 தௌ. கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்காவிட்டால் ஃபைபர் கட்டை தேய்ந்து அந்த 15 தௌ சீக்கிரமே குறைந்துவிடும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் ஒயரை மூடியில் திரும்பச் செருகாமல், முனையை பிளாக்கோடு கட்டிவிட்டு (எங்கும் பொறி பறக்கக் கூடாது), கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். சீராகப் பீய்ச்ச வேண்டும். நுரையும் காற்றுமாகத் துப்பினால் ஏர்லாக். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. ஓடும்போது ஃபேன் காற்று காப்பாற்றும். கேட்டில் நின்றால் அடுப்பின்மேல் வைத்த கதைதான்.

தேங்காய்த்திட்டு_கேரேஜ்

இரண்டுக்கும் முன்னால் செலவில்லாத ஒன்று: பெட்ரோல் டேங்க் மூடி. காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாது. அணைந்ததும் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் துளையைக் குத்திவிட்டால் போதும்.

ஏர்லாக் என்று உறுதியானால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. பேக்லைட் தகடு, இரண்டு பக்கமும் கேஸ்கட், அதற்கேற்ற நீள ஸ்டட். பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து இரண்டு அங்குலமாவது விலக்கி வளையுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் ஈரத்துணியைப் பம்ப் மேலும் பைப் மேலும் மட்டும் சுற்றுங்கள். சூடான வார்ப்பு மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால் ஆக்சிலேட்டரைக் குத்திக் குத்தி அடிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீய்ச்சி ஃப்ளட் ஆகும். பாதி மிதித்து அப்படியே பிடியுங்கள்.

கேட் போட்டு எஞ்சினை நிறுத்தினால் சாவியையும் முழுதாகத் திருப்பிவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் வெந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, இப்போது வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல். பழைய ரப்பர் ஓஸும் பம்ப் டயாபிரமும் அதற்குச் செய்தவை அல்ல, ஊறி மென்மையாகி உள்பக்கம் உரியும். ஓஸ் வாங்கும்போது மேலே 30ஆர்9 என்று அச்சிட்டதைக் கேளுங்கள். டேங்கின் பழைய பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், அதனால் பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர்.

உப்பங்காத்து

கண்காட்சி பற்றி யாரும் சொல்லவில்லையே!

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று கையில் இருக்கட்டும். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' எழுத்து வரும் விண்டேஜ் பதிவு எடுக்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அதற்குப் பிறகு கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர அன்றாட ஓட்டம் கூடாது. கடைக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டுபவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், இறங்கும் நேரத்தை அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டை போடுங்கள். "ஆயில் ஒழுகுதே" என்று பத்துப் பேராவது சொல்வார்கள். இதில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, தண்டில் வெட்டிய திருகுக்காடிதான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. சுற்றும்வரை வேலை செய்யும், நின்றதும் சொட்டும். அது பழுதல்ல.

அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தால் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், முன்சக்கரம் முழுதாக வெளியே தெரியும். அங்குள்ள டிரனியனுக்கு (முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்து அடித்துத்தான் பல ஹெரால்டுகளின் முன்சக்கரம் திருப்பத்தில் மடங்கியிருக்கிறது. பழைய ஃபியட் மிலிசென்டோவில் முன்கதவுக் கீல் பின்பக்கம், மோரிஸ் மைனரில் தூணிலிருந்து எழும்பும் கை இண்டிகேட்டர். சிட்ரோயன் டிராக்ஷன் அவான் வந்தால் கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம், சக்கரக் குழி, கதவின் கீழ் ஓட்டை எல்லாம் கழுவுங்கள். கதவு ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். குரோமியத்தை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், கடல் மணல் கீறிவிடும். முதலில் தண்ணீர்.

முதுநகர்_மார்க்2

மூடியைத் திறந்து பார்த்தேன், சத்தமில்லை. கேட்டிலேயே ஸ்பார்க் பார்த்தோம்: மஞ்சள், அதுவும் விட்டு விட்டு. கன்டென்சர் மாற்றியதும் 15 நிமிடம் ஸ்லோவில் நின்றும் அணையவில்லை. ஓஸ் 30ஆர்9 போட்டாயிற்று. ஸ்பேருக்கு ஒரு புதுக் கன்டென்சர் டிக்கியில் வைத்தால் போதுமா?

பாயிண்ட்செட்

பெட்டியில் இருக்கும் புதுசை நம்பாதீர்கள், இப்போது வருவதில் பாதி ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. அதை மாட்டி 100 கி.மீ. ஓட்டிப் பார்த்து, தாங்கினால் கழற்றி ஸ்பேராக வையுங்கள். கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும், பாயிண்ட் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜும்.