'ந' எழுத்துல பழைய தமிழ்ப் பேர் வேணும், பொண்ணு குழந்தைக்கு

ரெட்டைவால்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கா, அனுஷம் நட்சத்திரம், ந நி நு நே இதுல ஒரு எழுத்துல ஆரம்பிக்கணும்னு ஜோசியர் எழுதிக் குடுத்திருக்கார். நெட்ல தேடினா நிலா, நேத்ரா, நிவேதா, நறுமுகைன்னு வந்ததே திரும்பத் திரும்ப வருது, எல்லாமே நல்ல பேர்தான் ஆனா எங்க அபார்ட்மென்ட்லயே ரெண்டு நிலா இருக்காங்க. அர்த்தம்னு போட்டிருக்கறதையும் நம்ப முடியல, பாதிப் பேருக்கு 'அழகானவள்'னே போட்டு வச்சிருக்காங்க. பழைய தமிழ்ப் பேரா, எங்கேருந்து வந்துச்சுன்னு நாளைக்குப் பொண்ணு கேட்டா சொல்ற மாதிரி ஒண்ணு வேணும். இன்னொரு விஷயம், மாமியாரோட அம்மா பேரு குப்பாயி. அதையும் எப்படியாவது சேர்க்கணும்னு அவங்களுக்கு ஆசை, சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. எனக்கு அது சிரிக்கிற விஷயமாத் தெரியல. அந்தப் பேரு ஏன் வச்சாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

வைகைக்கரை:
வாழ்த்துகள்மா. உங்க எழுத்துக்கு சங்கப் புலவர்கள்லயே அருமையான பேர் இருக்கு. முதல்ல நன்முல்லை. அள்ளூர் நன்முல்லையார்னு ஒரு பெண்பாற் புலவர், குறுந்தொகைல 'குக்கூ என்றது கோழி'ன்னு ஆரம்பிக்கிற சின்னப் பாட்டு அவங்களோடதுதான். பொழுது விடிஞ்சா பிரியணுமேன்னு கோழி கூவினதும் நெஞ்சு திடுக்குனு ஆகிப்போச்சுன்னு ஒருத்தி சொல்றா, நாலே வரி. ஊர் அள்ளூர், பேரு நல்ல முல்லை, வாய்க்கும் கஷ்டமில்ல.

அடுத்தது நக்கண்ணை, நச்செள்ளை. இதுல முன்னால வர்ற 'ந' நல்ல, சிறந்தங்கற பொருள்ல மரியாதைக்குச் சேர்க்கறது, நக்கீரர்ல இருக்கறதும் இதே 'ந'தான். நக்கண்ணையார் போரவைக்கோப்பெருநற்கிள்ளிங்கற சோழனை விரும்பிப் பாடினவங்க, புறநானூறுல 83லேருந்து 85 வரைக்கும் அவங்க பாட்டு. நச்செள்ளையார காக்கைபாடினியார்னு சொல்வாங்க, தலைவன் வரப்போறான்னு முன்னாடியே கரைஞ்சு சொன்ன காக்காவுக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வச்சாலும் பத்தாதுன்னு பாடினதால வந்த பேரு. ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவங்களுக்கு நகை பண்ணிக்கோங்கன்னு ஒன்பது கா (பழைய எடை அளவு) பொன்னும் நூறாயிரம் காணமும் (பொற்காசு) குடுத்தான்னு பதிற்றுப்பத்துப் பதிகம் சொல்லுது. ஆனா ஸ்கூல்ல கூப்பிடறதுக்கு நச்செள்ளை கொஞ்சம் சிரமம்தான். என் ஓட்டு நன்முல்லைக்கு.

மாடித்தோட்டம்:
பூ பேர் பிடிக்கும்னா குறிஞ்சிப்பாட்டுல கபிலர் வரிசையா 99 பூ சொல்றார், அதுல உங்க எழுத்துலயே நந்தி, நறவம், நரந்தம், நாகப்பூ, நெய்தல், நள்ளிருள்நாறின்னு நிறைய இருக்கு. நந்தி நந்தியாவட்டை, நரந்தம் நாரத்தம்பூ, நள்ளிருள்நாறி நம்ம இருவாட்சிதான், நடுராத்திரில மணக்கறதால அந்தப் பேரு, ஆனா குழந்தைக்கு இவ்ளோ நீளம் வேணாம். நறவம் கேக்க நல்லாருக்கு, நறவுன்னா கள்ளுன்னும் அர்த்தம் இருக்கறதால நான் வைக்கமாட்டேன். நெய்தல் வைங்க சிஸ், ஜோசியர் 'நே' சொல்லியிருக்கார்ல அதுல 'நெ'யும் சேர்த்திதான்னு எங்க பக்கம் ஒத்துக்குவாங்க, கடற்கரைப் பக்கத்துப் பூ, இப்ப இந்தப் பேர்ல குழந்தைங்க ரொம்பக் கம்மி.

வைகைக்கரை:
நெய்தல் அழகுதான் தம்பி, ஆனா வைக்கறதுக்கு முன்னாடி இத அவங்க தெரிஞ்சுக்கணும். நெய்தல் திணைக்கு உரிய உணர்வே இரங்கல், பிரிஞ்சவனை நினைச்சு ஏங்கறது. புறநானூறு 194ல ஒரு வீட்டுல சாவுப்பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவுன்னு வரும்ல, அந்தச் சாவுப்பறைக்கு அங்க நெய்தல்னுதான் பேரு. படிச்ச பெரியவங்க யாராவது இருந்தா அவங்க மனசுல அது வரும்.

மாடித்தோட்டம்:
ஐயா அந்தப் பறை இப்ப வழக்கத்துல இல்ல, பூவும் கடற்கரையும்தானே இருக்கு. இன்னிக்கு அந்தப் பேரச் சொன்னா யாருக்கும் சாவு ஞாபகம் வராது. எனக்குப் பொண்ணு பொறந்தா நான் வைப்பேன்.

சித்திரைப்பூ:
நடுவுல கேக்கறேன், என் தங்கச்சிக்குப் பையன், அதே அனுஷம், நன்னன்னு வைக்கலாமா?

வைகைக்கரை:
நன்னன்னு சங்ககாலத்துல ஒருத்தர் இல்ல. மலைபடுகடாம் பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன் நல்ல வள்ளல். இன்னொரு நன்னன் இருக்கான், அவனோட காவல்மரத்து (அரசனோட அடையாளமா காவல் போட்டுக் காத்த மரம்) மாங்காய் ஆத்துல விழுந்து மிதந்து வந்துச்சு, குளிக்கப் போன பொண்ணு அது தெரியாம எடுத்துத் தின்னுட்டா. 81 யானையும் அவ எடைக்குப் பொன்னால செஞ்ச பாவையும் தர்றோம்னு சொல்லியும் கேக்காம அவளக் கொன்னுட்டான், பரணர் குறுந்தொகை 292ல 'பெண்கொலை புரிந்த நன்னன்'னு அவனை நிரந்தரமா நிறுத்திட்டார். வள்ளல் நன்னனை மனசுல வச்சு வைக்கலாம்தான், கேக்கறவங்களுக்கு ரெண்டு பேரையும் பிரிச்சுச் சொல்ல வேண்டியிருக்கும். நான் இளநாகன் மாதிரி வேற பக்கம் போகச் சொல்வேன், ஆனா எழுத்து மாறிடும்.

பாட்டிசொன்னது:
ரெட்டைவால் கண்ணு, குப்பாயி பேருக்கு வர்றேன். அந்தக் காலத்துல பொறக்கறதெல்லாம் தங்காம போய்க்கிட்டே இருக்கும். அப்ப அடுத்துப் பொறந்த பிள்ளையக் கொண்டுபோய் குப்பைமேட்டுல ஒரு நிமிஷம் போட்டுட்டு, வேற பொம்பளை ஒருத்தி எடுத்துக் குடுக்க, 'குப்பைல கெடந்தது, எங்க பிள்ளை இல்ல'ன்னு வாங்கிக்குவாங்க. அப்படிப் பொழைச்ச பிள்ளைதான் குப்பன், குப்பாயி, குப்பம்மா, குப்புசாமி எல்லாம். மூக்கு குத்தி விட்டா மூக்கன், மூக்காயி, பிச்சை எடுத்து அந்தக் காசுல ஏதாவது செஞ்சு போட்டா பிச்சை, ஒரு முறம் தவிட்டக் குடுத்துட்டு வாங்கின மாதிரி செஞ்சா தவிடன். எமனும் கண்ணேறும் இது ஒண்ணுத்துக்கும் உதவாத பிள்ளைன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிரணும்னு. பெத்தவ அத்தனை ஆசையா வேண்டிப் பெத்த பிள்ளைக்குத்தான் இந்தப் பேரு, சிரிக்கறவங்ககிட்ட இதச் சொல்லு.

இத போதும்பொண்ணு, வேண்டாம்ங்கற பேரோட சேர்த்துராத. அது வரிசையா பொண்ணா பொறக்குதேன்னு அடுத்தது ஆம்பளைப் பிள்ளையா பொறக்கட்டும்னு வச்சது. அந்தப் பேரோட வாழ்ந்த பொண்ணுங்களுக்கு அது காலம் பூரா வலி. ரெண்டும் கேக்க ஒரே மாதிரி, உள்ள இருக்கறது வேற.

நம்ம பக்கம் ரெண்டு பேரு வைக்கறது புதுசு இல்ல. காதுல மூணு தரம் குப்பாயின்னு சொல்லு, வீட்டுல குப்புன்னு கூப்பிடுங்க, பள்ளிக்கூடத்துக்கு நன்முல்லை. உங்க மாமியார் மனசு நெறஞ்சிரும்.

ரெட்டைவால்:
பாட்டிம்மா, இத மாமியார்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், அவங்க அம்மாவுக்கு முன்னாடி நாலு பிள்ளை தங்கலையாம், இப்பதான் சொல்றாங்க. குப்பு வீட்டுப் பேருன்னு முடிவாகிடுச்சு. நன்முல்லையா நப்பின்னையான்னுதான் இப்ப பேச்சு, அம்மா சாமி பேரு வேணும்னு நிக்கறாங்க.

பாட்டிசொன்னது:
நப்பின்னை சாமி பேருக்கு சாமி பேரும் ஆச்சு, தமிழ்ப் பேரும் ஆச்சு. ஏழு காளைய அடக்கி கண்ணன் கட்டின மாமன் மகள், ஆண்டாளே திருப்பாவைல அவங்கள எழுப்பித்தான் கதவத் திறக்கச் சொல்றா. மார்கழில பாடறப்ப உங்க பொண்ணு தன் பேரக் கேப்பா.

கோப்புக்காரன்:
எந்தப் பேரா இருந்தாலும் இத மறந்துடாதீங்க. பிறப்பைப் பதிவு பண்ணின நாள்லேருந்து 12 மாசத்துக்குள்ள பேர் சேர்த்தா கட்டணம் இல்ல, அதுக்கு மேல தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா அவ்ளோ நாள் விடாதீங்க. சர்டிபிகேட்ல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வரும், அதனால இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க முதல்லயே பேப்பர்ல எழுதி வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டு குடுங்க, நப்பின்னைல எத்தனை 'பி', எத்தனை 'என்'ங்கறது பின்னாடி ஆதார்ல ஒண்ணு பாஸ்போர்ட்ல ஒண்ணுன்னு ஆகிடும். நன்முல்லைல 'ழ' இல்லாததால அந்தத் தொல்லை கம்மி, ரெட்டை 'எல்' மட்டும் பாத்துக்கோங்க. இனிஷியல விரிச்சு எழுதறதா வேணாமாங்கறதையும் இப்பவே அப்பா பேரோட சேர்த்து முடிவு பண்ணிடுங்க.