பொருள்: 'மெய்ப்பிப்புச் சுமை' – சமய மெய்யியலுக்குப் பொருந்தும் சொல்

வணக்கம்.

ஒன்றை உண்டென்று சொல்பவரே அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற கருத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் சட்டத்துறையின் 'மெய்ப்பிப்புச் சுமை'யை (burden of proof) அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். சமய விவாதத்தில் அது இடறுகிறது. நீதிமன்றம் ஏதாவதொரு தீர்ப்பைச் சொல்லியே ஆகவேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் விடுதலை. கடவுள் உண்டா என்பதில் 'உண்டு', 'இல்லை' இரண்டோடு 'தீர்மானிக்கவில்லை' என்பதும் ஒரு நிலை. உண்டென்பவர் சான்று தரத் தவறியதாலேயே 'இல்லை' என்பது நிறுவப்பட்டுவிடாது. அடித்து 'இல்லை' என்பவரும் காரணம் காட்டியாக வேண்டும். 1972இல் மெய்யியலாளர் ஆன்டனி ஃப்ளூ விவாதத்தின் தொடக்க நிலையாக வைத்த நாத்திகம்கூட நம்பிக்கை இல்லாமை மட்டுமே. மறுப்புக் கூற்று அன்று.

'மெய்ப்பிப்பு' என்றதும் கணித நிறுவல் அளவுக்கு உறுதி கேட்பதாகவும் படுகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் உரைமரபில் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற வரிசை உண்டு. மேற்கோளை வைத்தவரே ஏதுவையும் தருகிறார். இங்கே வேண்டுவதும் அவ்வளவே.

என் பரிந்துரை: சான்றுக்கடன் (கடன் என்றால் கடமை).

—

> என் பரிந்துரை: சான்றுக்கடன்

ஐயா, சட்டச் சொல்லை விடவேண்டும் என்பதில் முழு உடன்பாடு. ஆனால் 'கடன்' என்றால் இன்றைய வாசகர் வங்கிக்குப் போய்விடுவார். 'சான்றுப்பொறுப்பு' என்றால் ஏற்றல், தட்டிக்கழித்தல் என வினைகள் தாமே வந்து சேரும். 'இல்லையென்று நீ காட்டு பார்க்கலாம்' என்று எதிராளியிடம் தள்ளும் போலி வாதத்துக்குச் 'சான்றுப்பொறுப்புத் திருப்பல்' எனலாம். மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் 1952இல் எழுதிய தேநீர்க்கெண்டி உவமை கண்டிப்பது இதைத்தான்: தொலைநோக்கிக்கும் எட்டாத ஒரு கெண்டி விண்வெளியில் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அதை இல்லையென்று காட்ட முடியாததாலேயே நாம் நம்பிவிட வேண்டியதில்லை.

விளக்கத்தில் இரண்டு வரம்புகள் கட்டாயம் வேண்டும். முதலாவது, காணாமை எப்போது சான்றாகும் என்பது. வெளிச்சத்தில் தரையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டில் அப்படிச் சொல்ல முடியாது. 'இந்த வழிபாடு இந்த நோயை இத்தனை நாளில் தீர்க்கும்' என்ற கூற்று வெளிச்சத்துக் குடம்: நாள் கடந்தும் நோய் தீராவிட்டால் கூற்று விழுந்தது. 'எங்கும் மறைந்திருக்கிறார்' என்பது அப்படிச் சோதிக்கத் தக்கதன்று. இதைப் பிரிக்காமல் இரு தரப்பும் மணிக்கணக்கில் மோதுகின்றன.

இரண்டாவது, நம்புவதும் பிறர் ஏற்கவேண்டும் என்று வாதிடுவதும் வேறு. கடவுள் நம்பிக்கை வேறு சான்றின் மேல் நிற்காத அடிப்படை நம்பிக்கையாக இருக்கலாம் என்பது சமய மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா 1983இல் முன்வைத்த வாதம். அதை ஏற்றாலும், பிறரை ஏற்கச் சொல்லும் கணத்தில் பொறுப்பு வந்துவிடுகிறது.

—

> 'சான்றுப்பொறுப்பு' என்றால்

ஏற்கிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

சான்றுப்பொறுப்பு (பெ.): உண்டென்றோ இல்லையென்றோ ஒரு கூற்றைப் பிறர் ஏற்குமாறு முன்வைப்பவர், அதற்கு ஏது காட்ட வேண்டிய பொறுப்பு. தீர்மானிக்காமல் இருப்பவருக்கு இது இல்லை.